போர் தண்ணீரோடு 12 வருடம்: கீசர் கம்பியிலிருந்து ஈயச் சொம்பு வரை

புது வீட்டுக்கு வந்தபோது தண்ணீர் வருமா வராதா என்பதுதான் கவலையாக இருந்தது. வந்த தண்ணீர் சாமான்களை என்ன பாடு படுத்தும் என்று யோசிக்கவே இல்லை. சென்னைப் புறநகர், போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை முக்கினால் லிட்டருக்கு 1,100 மில்லிகிராமுக்குக் கீழே இறங்காது.

முதலில் கீசர், காசு போனது அங்கேதான். 25 லிட்டர், உள்ளே எனாமல் பூசிய இரும்புத் தொட்டி. ஐந்தாவது வருடம் அடியில் சொட்ட ஆரம்பித்தது. பிளம்பர் அண்ணன் அடித்தட்டைக் கழற்றி, சைக்கிள் ஸ்போக் கனத்தில் ஒரு கம்பியை உருவிக் கையில் கொடுத்தார். அங்கங்கே சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது, தொட்டதும் உதிர்ந்தது.

"என்னண்ணே இது?"

"ஆனோடு ராடு சார். புதுசுல கட்டைவிரல் தண்டி இருந்திருக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும். யாரும் சொல்லலியா?"

சொல்லவில்லை. வாரண்டி அட்டையில் பொடி எழுத்தில் இருந்ததாம். அன்று ராத்திரிதான் படித்தேன்.

அந்த ராடு மெக்னீசியம். எலெக்ட்ரானை விட்டுக்கொடுப்பதில் இரும்பைவிடத் தாராளம். இரண்டும் ஒன்றையொன்று தொட்டபடி தண்ணீரில் கிடந்தால் மெக்னீசியம் கரையும், இரும்பு தப்பிக்கும். எனாமலில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் தொட்டி துருப்பிடிக்காமல் காப்பது இதுதான். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் எங்கள் ஊர்ப் பக்கம் ராடு சீக்கிரம் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் அடுத்த பலி தொட்டிதான். கையில் உதிர்ந்ததில் கொஞ்சம் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, அதாவது மலச்சிக்கலுக்குக் குடிக்கிற அந்த வெள்ளை மருந்தில் இருக்கும் அதே சரக்கு. மற்றது நம் போரின் சுண்ணாம்பு.

இரண்டாவது கீசருக்கு ஏழு வருடம் ஆகிறது. ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்துவிடுகிறேன். இதற்கும் ஒரு தொல்லை உண்டு. ஊருக்குப் போய் பத்து நாள் கழித்து வந்தால் சுடுதண்ணீரில் அழுகிய முட்டை நாற்றம். மெக்னீசியம் கரையும்போது வரும் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரிலுள்ள சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக்கும் பாக்டீரியாக்களின் வேலை. கீசரை முழுச் சூட்டில் வைத்துவிட்டு, தண்ணீரை முழுதும் திறந்துவிட்டால் போய்விடும்.

செப்புக் குடம் அத்தை கொடுத்தது. செம்பு தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்காது, அதனால்தான் ராத்திரி முழுக்க ஊற்றி வைத்தாலும் ஓட்டை விழுவதில்லை. ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று சும்மா விடாது. குடத்தின் உள்ளே தண்ணீர் மட்டம் நிற்கிற இடத்தைச் சுற்றி, வளையல் போட்ட மாதிரி பச்சைக் களிம்பு. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பைத்தான் உவமை சொல்வார்கள். வாரம் ஒருமுறை குடம் தேய்க்கிறவன் என்ற முறையில் எனக்கு அதில் முழு உடன்பாடு. புளி போட்டுத் தேய்த்தால் அதன் அமிலத்தில் களிம்பு கரைந்து போகும். அதே காரணத்தால் அந்தக் குடத்தில் எலுமிச்சம்பழ ஜூஸோ மோரோ வைக்கவே கூடாது, செம்பு இறங்கிவிடும். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு.

அலுமினிய இட்லிப் பானை இந்தத் தண்ணீரில் ஒரே வாரத்தில் உள்ளே கறுத்தது. அம்மா கண்ணளவில் ஒரு கொட்டைப் புளியை அடித்தண்ணீரில் போடச் சொன்னாள், அதிலிருந்து கறுப்பதில்லை. எவர்சில்வருக்குத் துரு வராது என்று நம்பியிருந்தேன். கல்லுப்பை ஆறின தண்ணீரில் போட்டு அப்படியே விட்டதில், பாத்திரத்தின் அடியில் ஊசி குத்தின மாதிரி புள்ளிகள். இப்போது தண்ணீர் கொதித்த பிறகுதான் உப்பு.

எந்தத் தண்ணீருக்கும் அசராதது ஈயச் சொம்பு ஒன்றுதான். அதைக் கெடுத்தது நான். பேர்தான் ஈயம், சொம்பு வெள்ளீயத்தால் ஆனது; அது 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கிறவரை சூடு 100-ஐப் பெரிதாகத் தாண்டாது, சொம்புக்கும் ஆபத்தில்லை. ஒரு நாள் போனில் பேசிக்கொண்டிருந்தேன், ரசம் வற்றிவிட்டது. திரும்பிப் பார்த்தபோது பர்னர் மேல் பாதரசம் மாதிரி துளித்துளியாக ஓடிக்கொண்டிருந்தது. மிச்சத்தைப் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டேன்.