கார் ஷெட் தரைக்கு எபாக்சி: சில மழைக்காலங்கள் கழித்து

கோவையில் எங்கள் வீட்டுக் கார் ஷெட் தரைக்கு 2021 மார்ச்சில் எபாக்சி என்ற, காய்ந்ததும் கெட்டியாக இறுகும் பெயிண்டை அடித்தோம். அதற்கு முன் வெறும் சிமெண்ட் தரை. எவ்வளவு பெருக்கினாலும் தூசி கிளம்பிக்கொண்டே இருக்கும், ஆயில் சொட்டிய இடமெல்லாம் கறுத்துக் கிடக்கும். இன்றைக்கும் பெரும்பகுதி நன்றாகவே நிற்கிறது. சில இடங்கள் நிற்கவில்லை. ஏன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அடிக்க நினைப்பவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.

எங்கள் தரையைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கம்பெனி பெயிண்ட் என்றுதான். அடிப்பதற்கு முன் தரையை என்ன செய்தீர்கள் என்று கேட்பவர்கள் குறைவு. எபாக்சி உரிந்துபோன வீடுகளில் அந்தத் துண்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அடிப்பக்கம் முழுக்கச் சிமெண்ட் தூள் ஒட்டியிருக்கும். பெயிண்ட் பிடித்த பிடியை விடவில்லை, அது பிடித்துக்கொண்டிருந்த மேல்பூச்சுதான் தரையை விட்டு வந்துவிட்டது. தரை போட்டுத் தேய்க்கும்போது மேலே ஏறும் சிமெண்ட் பால் காய்ந்ததும் பலமில்லாத ஏடாக நின்றுவிடும். அதை எடுக்காமல் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் வீண்.

எங்கள் பெயிண்டர் அண்ணன், "ஆசிட் ஊத்திக் கழுவி விட்டாப் போதுங்க, நல்லாப் புடிச்சுக்கும்" என்றார். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஆயில் ஊறிய இடத்தில் ஆசிட் வேலை செய்யாது. ஊற்றியபின் சோடா உப்புக் கரைசலால் அதன் அமிலத்தன்மையை முறித்து, நல்ல தண்ணீரில் அலசி, அத்தனை ஈரமும் காயும்வரை காத்திருக்க வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் அந்தப் புகையும் ஆகாது. அதனால் கிரானைட் வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டு, மெஷினில் டைமண்ட் கப் வீல் (வைரத்துகள் பதித்த தேய்ப்புச் சக்கரம்) போட்டுத் தேய்க்கச் சொன்னோம். தேய்த்த தரையைத் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்க வேண்டும். ஒரு கை தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்காமல் உடனே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும் சரியாக வரும்வரை பெயிண்ட் டப்பாவைத் திறக்கவே கூடாது. கிளம்பும் தூசியில் சிலிக்கா இருக்கும், நுரையீரலைக் கெடுக்கும். தேய்க்கிறவருக்கும் பக்கத்தில் நிற்கிறவருக்கும் நல்ல மாஸ்க் கட்டாயம். கைக்குட்டை போதாது.

பைக் நிற்கும் இடத்தில் ஊறியிருந்த ஆயிலை, மெஷின் வைப்பதற்கு முன்பே வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டு மறுபடி மறுபடி தேய்த்து எடுத்தோம். முடி போன்ற மெல்லிய வெடிப்புகளைக் கொஞ்சம் அகலமாகக் கீறி எபாக்சி பட்டி வைத்து அடைத்தோம். இவை எளிய வேலைகள்தான். உண்மையில் தலைவலி ஓதம், அதாவது தரைக்கு அடியிலிருந்து ஏறும் ஈரம்.

பழைய வீடுகளில் தரைக் கான்கிரீட்டுக்கு அடியில் பாலித்தீன் ஷீட் விரித்திருக்க மாட்டார்கள். மண்ணின் ஈரம் நுண்துளைகள் வழியாக ஏறி, நம் கண்ணில் படாமல் காற்றோடு போய்க்கொண்டிருக்கும். எபாக்சி அந்த வழியை அடைத்துவிடும், அப்புறம் ஈரம் பெயிண்டைத்தான் தள்ளும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. ஒன்றரை அடிச் சதுரத்தில் கனமான பாலித்தீன் ஷீட்டை வெட்டி, நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பிரிக்க வேண்டும். உள்ளே நீர்த்துளி இருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். ஓர் இடத்தில் மட்டும் பார்த்தால் போதாது, சுவரோரங்களிலும் பார்க்க வேண்டும். எங்களுக்கு நடுத்தரை காய்ந்திருந்தது, பின்சுவர் மூலையில் ஷீட் வியர்த்துவிட்டது. அந்தச் சுவருக்கு வெளியேதான் துணி துவைக்கும் கல். வெளித்தரையின் வாட்டத்தை மாற்றித் தண்ணீர் சாக்கடைப் பக்கம் போகும்படி செய்து, சுவரும் தரையும் சேரும் இடத்தை அடைத்து, மறுபடி சோதித்து, காய்ந்தது தெரிந்த பிறகுதான் வேலை தொடங்கியது. புது வீடாக இருந்தால் கான்கிரீட் போட்டு 28 நாளாவது ஆகியிருக்க வேண்டும், ஈரச் சோதனை அதற்கும் பிறகு.

எபாக்சியில் ரெசின், அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் என்று இரண்டு டப்பா வரும். ஒரே டப்பாவில் "எபாக்சி" என்று எழுதி வருவதைக் கார் நிற்கும் தரைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கலவை விகிதம் டப்பாவில் போட்டிருப்பதுதான். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் சரியாக இறுகாது. டிரில்லில் துடுப்பு மாட்டி மெதுவாகக் கலக்கியபின் வேறு பக்கெட்டுக்கு மாற்றி இன்னொரு முறை கலக்கச் சொன்னேன். முதல் பக்கெட்டின் ஓரத்திலும் அடியிலும் கலக்காமல் ஒட்டியிருப்பது அப்படியே தரைக்குப் போனால் அந்த இடம் மட்டும் பிசுபிசுவென்றே கிடக்கும். கலந்ததைப் பக்கெட்டில் வைத்திருக்கவும் கூடாது, மொத்தமாக இருந்தால் தானே சூடேறிச் சீக்கிரம் கெட்டியாகிவிடும். உடனே தரையில் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும்.

நேரமும் முக்கியம். தரை சூடேறும்போது கான்கிரீட்டுக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும், ஈரப் பெயிண்டில் குமிழி விட்டு ஊசித்துளை விழும். அதனால் பிரைமர் என்ற அடிக்கோட்டைத் தரை குளிரத் தொடங்கிய மாலையில் அடித்தோம். துளைகளை அது மூடிவிட்டதால் மேல்கோட்டை மறுநாள் காலை அடிக்க முடிந்தது. மழைக்காலத்தில் அடிப்பது வேண்டாம். காற்றில் ஈரம் அதிகமானால் மேலே வழவழவென்று ஒரு படலம் படியும், அதன் மேல் அடுத்த கோட் பிடிக்காது. அப்புறம், கையுறை இல்லாமல் ஹார்ட்னரைத் தொட விடாதீர்கள். ஒரு முறை அலர்ஜி வந்துவிட்டால் அடுத்தடுத்துத் தொடும்போதெல்லாம் வரும். கையில் பட்டால் தின்னரால் துடைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

நடக்க ஒரு நாள், கார் நிறுத்த ஒரு வாரம் விட்டோம்.

இப்போது தரை எப்படி இருக்கிறது? தூசி அறவே இல்லை. ஆயில், பெட்ரோல் சொட்டினால் துணியால் துடைத்தால் போய்விடுகிறது. முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தில் பழுப்பாக இரண்டு தடம் விழுந்திருக்கிறது. டயர் ரப்பரில் இருந்து இறங்கும் கறை அது, எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. ஆனால் வெயிலில் ஓடிவந்த சூட்டு டயர் பெயிண்டை உரித்தெடுத்துவிடும் என்று பயந்தேனே, அது நடக்கவில்லை. தேய்த்த தேய்ப்புக்குக் கிடைத்த பலன் என்றே நினைக்கிறேன். பைக்கின் சைடு ஸ்டாண்ட் குத்தும் இடத்தில் மட்டும் சிமெண்ட் தெரிகிறது. அங்கே ஒரு பலகைத் துண்டு போட்டுவிட்டோம்.

ஷட்டர் ஓரம் மேற்கு வெயில் விழும் பட்டை, இரண்டாவது கோடையிலேயே மஞ்சளித்து வெளுத்தது. எபாக்சிக்கு வெயில் ஆகாது. அந்தப் பட்டையை மட்டும் லேசாகத் தேய்த்து, வெயில் தாங்கும் பாலியூரித்தேன் கோட் அடித்தபின் நிறம் மாறவில்லை.

வழுக்கலைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். காய்ந்திருக்கும்போது பயமில்லை, மழைத் தண்ணீரோடு கார் உள்ளே வந்துவிட்டால் இந்தத் தரை ஆபத்து. அம்மா அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் போவார். அவர் நடக்கும் பாதையில் மட்டும் ஈரக் கோட்டின் மேல் சன்னமான சிலிக்கா மணல் தூவி, அதன் மேல் இன்னொரு கோட் கொடுத்திருக்கிறோம். பெருக்கும்போது துடைப்பம் கொஞ்சம் பிடிக்கும், பரவாயில்லை. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

பின்சுவர் மூலையில் போன ஐப்பசி அடைமழைக்குப் பிறகு சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும்பின. ஒன்றைப் பிளேடால் கீறினேன். உள்ளிருந்து வந்த நீர் விரலில் வழவழத்தது. வெறும் மழைத் தண்ணீர் அப்படி இருக்காது, கான்கிரீட்டின் காரத்தைக் கரைத்துக்கொண்டு வந்த நீர் அது. மார்ச்சில் செய்த சோதனை ஐப்பசிக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. அவசரம் இல்லாதவர்கள் மழை ஓய்ந்த உடனே ஒரு முறையும், கோடையில் ஒரு முறையும் ஷீட் ஒட்டிப் பாருங்கள்.

செலவில் பாதிக்கு மேல் தரையைத் தயார் செய்யவே போனது. அதைக் குறைத்துப் பெயிண்டில் போடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வெயிலும் மழையும் நேராக விழும் திறந்த போர்டிகோ என்றால் எபாக்சியே வேண்டாம், பார்க்கிங் டைல்ஸ் ஒட்டிவிடுங்கள். எங்கள் மூலையை வரும் கோடையில் கான்கிரீட் தெரியத் தேய்த்து, ஈரம் தாங்கும் பிரைமர் போட்டு மறுபடி அடிக்கப் போகிறோம். மற்ற இடத்தைத் தொட வேண்டிய அவசியம் இதுவரை வரவில்லை.