நர்ஸ் வேலைக்கு எந்த வாட்ச்? நொடி முள்ளைப் பார்த்து வாங்குங்கள்

வார்டில் வாட்ச் மணி பார்ப்பதற்கு மட்டும் அல்ல. நாடி, மூச்சு, டிரிப்ஸ் சொட்டு மூன்றையும் எண்ணுவது அதை வைத்துத்தான். ஆகவே கடையில் முதலில் பார்க்க வேண்டியது நொடி முள். அது நீளமாக, டயல் நிறத்திலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிகிறதா, அதன் நுனி விளிம்பிலுள்ள 60 கோடுகளைத் தொடுகிறதா என்று பாருங்கள். வெள்ளை டயல், கறுப்பு எண்கள், சிவப்பு நொடி முள் என்ற பழைய சேர்க்கையை இன்னும் எதுவும் மிஞ்சவில்லை. ரோமன் எண்ணும், வெறும் புள்ளி வைத்த டயலும் இந்த வேலைக்கு ஆகாது.

டிஜிட்டலைவிட முள் வாட்ச் ஏன் மேல் என்றால், டிஜிட்டலில் 47-இல் எண்ணத் தொடங்கினால் 30 நொடி முடிவது 17-இல். விரல் நுனியில் துடிப்பை எண்ணிக்கொண்டே இந்தக் கணக்கையும் மனதில் தூக்கிச் சுமக்க வேண்டும். முள் வாட்சில் அந்தச் சுமை இல்லை. முள் எதிர்ப்பக்கம் வந்தால் அரை நிமிடம், கால் வட்டம் ஓடினால் 15 நொடி. மூச்சு எண்ணும்போது பார்வை நோயாளியின் மார்பில் இருக்கும், முள் கண்ணோரத்தில் ஓடும். துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் எப்படியும் முழு 60 நொடி எண்ணியே ஆக வேண்டும். மூச்சுக்கும் அதுவே நல்லது.

சொட்டுக் கணக்கில் நொடியின் மதிப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். 500 மி.லி. திரவம் 4 மணி நேரத்தில் போக வேண்டும், டிரிப்ஸ் செட் (குழாய்) ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விடும் என்றால், 500 × 20 ÷ 240: நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. 15 நொடிக்குப் பத்து அல்லது பதினொன்று. அந்த 15 நொடியில் ஒரு சொட்டு தவறினால் நிமிடத்துக்கு நான்கு சொட்டு மாறும். 42 என்று நினைத்து 46-இல் ஓடவிட்டால் பாட்டில் 20 நிமிடத்துக்கு மேல் முன்னதாகவே காலியாகிவிடும். அவசரமில்லாத நேரத்தில் முழு நிமிடம் எண்ணிச் சரிபார்ப்பது அதனால்தான்.

வாங்கும்போது முள்ளை ஒரு முழுச் சுற்று ஓடவிட்டுப் பாருங்கள். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சில் முள் நொடிக்கு ஒரு முறை துள்ளும். அது கோட்டின் மேல் விழாமல் இரண்டு கோட்டுக்கு நடுவே விழுந்தால் எண்ணிக்கை கெடாது, ஆனால் தொடக்கம் எது, முடிவு எது என்று கண் தடுமாறும். இன்னொன்று: பல குவார்ட்ஸ் வாட்ச்களில் பேட்டரி தீரும் தறுவாயில் முள் இரண்டு நொடிக்கு ஒரு முறை துள்ளும். பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். மணி சரியாகத்தான் காட்டும். ஆனால் 12-ஆம் எண்ணில் தொடங்கினால் 15-ஆம் கோட்டில் முள் நிற்கவே நிற்காது, 14-இலிருந்து 16-க்குத் தாவிவிடும். அன்றே பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

அடுத்து ஸ்ட்ராப். தோல் பட்டையும் துணிப் பட்டையும் வார்டுக்கு வேண்டவே வேண்டாம். ஈரத்தையும் வியர்வையையும் உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும். மேலே துடைத்தால் மேல்பகுதி மட்டும்தான் சுத்தமாகும். ஸ்டீல் செயினைக் கழுவலாம், ஆனால் கண்ணிகளின் இடுக்கில் காய்ந்து ஒட்டியதைப் பிரஷ் இல்லாமல் எடுக்க முடியாது. நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது தோலைக் கீறும் அபாயமும் உண்டு. மிஞ்சுவது சிலிக்கோனும், ரெசின் எனப்படும் பிளாஸ்டிக்கும். சிலிக்கோன் மென்மையானது, கழுவ எளிது, ஆனால் பக்கிள் ஊசி நுழையும் துளை அருகே திடீரென்று கிழியும். ரெசின் உறுதியானது, சானிடைசர் தொடர்ந்து படப்பட நாளடைவில் விறைத்து, பக்கிள் மடியும் இடத்தில் முதலில் விரிசல் விடும். மாதம் ஒரு முறை அந்த மடிப்பை வளைத்துப் பாருங்கள். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அரிப்பு வருவது பெரும்பாலும் பக்கிளும் பின்மூடியும் தொடும் இடத்தில்தான். அவர்கள் பிளாஸ்டிக் பக்கிளும் டைட்டானியம் பின்மூடியும் உள்ளதாகத் தேடலாம்.

கண்ணாடியில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. விலை குறைந்த ரெசின் வாட்ச்கள் பலவற்றின் கண்ணாடி உண்மையில் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். அதற்கும் ஆல்கஹாலுக்கும் ஆகாது. அடிக்கடி ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் மெல்லிய மயிரிழை வெடிப்புகள் விழும். மினரல் கண்ணாடிக்கு அந்தக் கவலை இல்லை.

தண்ணீர் தாங்கும் அளவில் '30 மீட்டர்' என்று எழுதியிருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். அது 30 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்ற பொருள் அல்ல, தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவே. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் சோப்பு போட்டுக் கை கழுவ 40 முதல் 60 நொடி. ஒரு ட்யூட்டியில் பல முறை சோப்புத் தண்ணீர் படும். சோப்பு, தண்ணீரை நுண்ணிய இடுக்குகளிலும் புகவைக்கும். வெந்நீரின் சூடு, தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தைத் தளர்த்தும். குறைந்தது 50 மீட்டர், முடிந்தால் 100 மீட்டர் எழுதிய வாட்சை எடுங்கள். பேட்டரி மாற்றும்போது அந்த ரப்பர் வளையத்தையும் மாற்றச் சொல்லுங்கள். கண்ணாடிக்குள் பனி படர்ந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

இனி மாடல்கள். கேசியோ எஃப்-91டபிள்யூ 1989-இல் வந்தது, எடை 21 கிராம், பேட்டரி சுமார் 7 ஆண்டு. 24 மணிக் கணக்கில் காட்டும், ஸ்டாப்வாட்ச் உண்டு, கையில் இருப்பதே தெரியாது. நைட் ட்யூட்டியில்தான் குறை தெரியும்: விளக்கு திரையின் இடது ஓரத்தில் ஒன்றே ஒன்று, நொடி எண்களோ வலது மூலையில் சிறியதாக. வெளிச்சம் மங்கிப்போகும் இடத்தில்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது. தண்ணீர் தாங்கும் அளவும் தெறிப்போடு சரி. இரண்டாவது வாட்சாக வைத்துக்கொள்ளலாம்.

டைமெக்ஸ் ஈஸி ரீடரின் டயல் பெயருக்கு ஏற்றது. எண்கள் பெரிதாக, முழுதாக இருக்கும். 1992-இல் வந்த இண்டிக்ளோ விளக்கு டயல் முழுவதையும் ஒரே சீராக ஒளிரவைக்கும், நொடி முள்ளும் நிழலாகத் தெளிவாகத் தெரியும். தூங்கும் நோயாளி அருகே டார்ச் அடிக்க வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலும் தோல் ஸ்ட்ராப்போடு வரும், 30 மீட்டர் மட்டுமே, டிக் சத்தமும் கொஞ்சம் பெரிது. சிலிக்கோன் ஸ்ட்ராப் மாற்றி, கை கழுவும்போது கழற்றிவைக்க முடிந்தவர்களுக்கு நல்லது.

கேசியோ எல்ஆர்டபிள்யூ-200ஹெச் தான் எங்கள் தேர்வு. 100 மீட்டர், ரெசின் பட்டை, டயலில் மணி எண்கள், உள்வட்டத்தில் 13 முதல் 24 வரை. கேஸ் ஷீட்டில் 21:40 என்று எழுதும்போது மனக்கணக்கு வேண்டாம். தேதி உண்டு, 30 நாள் மாதம் முடிந்தால் கையால் திருத்த வேண்டும். விளக்கு கிடையாது என்பதுதான் இதன் குறை, ராத்திரிக்குப் பென் டார்ச் இருந்தே ஆக வேண்டும்.

ஸ்மார்ட்வாட்ச் எதற்கும் பரிந்துரைக்க மாட்டோம். கையுறை போட்ட விரலுக்குத் திரை ஒழுங்காகக் கேட்காது, பலவும் மணிக்கட்டைத் திருப்பினால்தான் விழிக்கும், எண்ணும் நடுவில் அணைந்துபோகும்.

எந்த வாட்சானாலும் எம்ஆர்ஐ அறைக்கு வெளியே கழற்றிவிடுங்கள். சாதாரண 'ஆன்டிமேக்னெடிக்' (காந்தம் தாங்கும்) வாட்ச் தாங்குவது 4,800 ஆம்பியர்/மீட்டர், அதாவது சுமார் 6 மில்லிடெஸ்லா. கருவியில் இருப்பது 1.5 அல்லது 3 டெஸ்லா. குவார்ட்ஸ் வாட்சின் சிறு மோட்டார் நின்றுபோகும், இரும்புப் பாகம் இருந்தால் வாட்சே பறக்கும்.

துடைக்கும் முறை எளிது. ட்யூட்டி முடிந்ததும் கழற்றி, மிதமான சோப்புத் தண்ணீரில் மென்பிரஷ் கொண்டு பட்டையின் உட்புறம், பக்கிள், பட்டை வாட்சோடு சேரும் மூட்டு ஆகியவற்றைத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, முழுவதும் உலர்ந்த பிறகே கட்டுங்கள். மணி திருத்தும் குமிழ் உள்ளே அழுந்தியிருக்கிறதா என்று தண்ணீரில் விடும் முன் ஒரு முறை பாருங்கள். பிளீச்சிங் கரைசலில் ஊறவைக்காதீர்கள். ஸ்டீலில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும், முலாம் பூசிய பித்தளை என்றால் முலாமே உரிந்து பச்சை பூக்கும்.

சில நாடுகளில், சில மருத்துவமனைகளில் முழங்கைக்குக் கீழே எதுவும் அணியக் கூடாது. இங்கிலாந்தில் இந்த விதி 2007-இல் அறிவிக்கப்பட்டது. வாட்ச் இருக்கும் இடத்தில் சோப்பும் சானிடைசரும் தோலைத் தொடுவதில்லை என்பதே காரணம். அங்கே மார்பில் குத்தும் வாட்ச்தான் வழி: டயல் தலைகீழாக இருக்கும், குனிந்து பார்த்தால் நேராகத் தெரியும். குத்தும்போது சட்டைப் பையின் மடிப்பில் இரட்டைத் துணியாகக் குத்துங்கள், ஒற்றைத் துணியில் குத்தினால் அது முன்னும் பின்னும் ஆடி, நோயாளி மேல் குனியும்போது அவர் முகத்தில் இடிக்கும்.