இரண்டரை வருடம் ஒரே மதர்போர்டு: கேமிங் பிசிக்கு போர்டு எடுத்த அனுபவம்

2023 பிப்ரவரியில் புதிதாக ஒரு கேமிங் பிசி கட்டினேன். ரைசன் 5 7600, 32 ஜிபி டிடிஆர்5 ரேம், நடுத்தரமான ஒரு கிராபிக்ஸ் கார்டு, அப்புறம் பி650 சிப்செட் (போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் சிப்) உள்ள, ஏடிஎக்ஸ் எனும் முழு அளவு மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகை. பிராசஸரை ஒரு மணி நேரத்தில் முடிவு செய்துவிட்டேன், கார்டுக்கு ஒரு நாள் ஆனது, மதர்போர்டுக்கு மட்டும் மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் எதையெல்லாம் உட்கார்ந்து ஒப்பிட்டேனோ அதில் பாதிக்கு மேல் இன்றுவரை ஒரு தடவைகூடப் பயன்படவில்லை. கண்டுகொள்ளாமல் விட்ட சில விஷயங்களோ வாராவாரம் கையில் இடிக்கின்றன. பிராண்ட் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரே கம்பெனி நல்ல போர்டும் விடுகிறது, சுமாரான போர்டும் விடுகிறது. பெயரை வைத்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மதர்போர்டு மாற்றினால் கேமில் ஃப்ரேம் (விநாடிக்குத் திரையில் வரும் படங்கள்) அதிகமாகாது. அதே பிராசஸர், அதே ரேம், அதே கார்டு என்றால் சாதாரண பி650 போர்டிலும் அப்போது உச்சத்தில் இருந்த எக்ஸ்670இ போர்டிலும் கேம் ஒரே மாதிரிதான் ஓடும். நல்ல போர்டா இல்லையா என்பது கேம் ஆடும் நேரத்தில் தெரியாது. ஒரு பாகத்தை மாற்றும் நாளில் தெரியும், பயாஸ் (பிசி ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்யும் நாளில் தெரியும், பிசி திடீரென்று ஆன் ஆகாமல் நிற்கும் ராத்திரியில் ரொம்ப நன்றாகவே தெரியும்.

சாக்கெட்டை, அதாவது பிராசஸர் உட்காரும் இடத்தைப் பொறுத்தவரை என் முடிவு சரியாக அமைந்தது. என் போர்டின் ஏஎம்5 சாக்கெட் 2022 செப்டம்பரில்தான் வந்திருந்தது, ஏஎம்டி அதைப் பல வருடம் தொடர்வதாகச் சொல்லியிருந்தது. இன்டெல் பக்கம் எல்ஜிஏ1700 அப்போதே இரண்டு தலைமுறையைப் பார்த்துவிட்டது, 14ஆம் தலைமுறையோடு அதன் பாதை முடிந்து 2024 அக்டோபரில் எல்ஜிஏ1851 வந்துவிட்டது. என் போர்டில் 2025 தொடக்கத்தில் 7600ஐ எடுத்துவிட்டு ரைசன் 7 9800எக்ஸ்3டி போட்டேன். போர்டு, ரேம், கூலர் எதையும் புதிதாக வாங்கவில்லை. பழைய பிராசஸரை விற்றுவிட்டு வேலையை முடித்தேன். புதிதாகக் கட்டுபவர்கள் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் அந்த சாக்கெட்டுக்கு அடுத்து ஒரு பிராசஸர் வருமா என்று மட்டுமாவது பாருங்கள்.

சரி, அந்த மூன்று வாரத்தில் நான் அதிகம் அலசியது விஆர்எம் பற்றி. பிராசஸருக்கு மின்சாரத்தைப் பதப்படுத்திக் கொடுக்கும் பகுதி அது. அதில் எத்தனை மின்பகுதிகள் இருக்கின்றன என்பதை 12+2+1, 14+2+1 என்று பெட்டியிலேயே பெரிதாகப் போட்டிருப்பார்கள். உண்மையில் 7600க்கு மின்வரம்பே 88 வாட்தான். 9800எக்ஸ்3டிக்கு 162 வாட், அதுவும் கேம் ஆடும்போது அந்த எல்லையின் பக்கத்தில்கூட அது போவதில்லை. நீண்ட நேரம் ஆடிய பிறகும் என் போர்டின் விஆர்எம் 60 டிகிரியைத் தாண்டிப் பார்த்ததில்லை. 16 கோர் பிராசஸரை நாள் முழுக்க வீடியோ ரெண்டரிங்கில் ஓட்டுபவர் கவலைப்பட வேண்டிய விஷயம் இது. கேமிங்குக்கு விஆர்எம் மீது ஒழுங்கான உலோக ஹீட்சிங்க் இருந்தால் போதும்.

பிசிஐஇ 5 என்ற எழுத்தைப் பார்த்தும் மயங்கினேன். கிராபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் போர்டோடு பேசும் பாதை பிசிஐஇ, ஜென் என்பது அதன் தலைமுறை. கார்டு ஸ்லாட்டுக்கு ஜென் 5 கட்டாயம் வேண்டுமென்றால் பி650இ எடுக்க வேண்டும். சாதாரண பி650இல் பெரும்பாலும் அந்த ஸ்லாட் ஜென் 4. என்னுடையதும் அப்படித்தான், இதுவரை ஒரு நாளும் குறையாகத் தோன்றவில்லை. மிக வேகமான கார்டுகளிலேயே இரண்டுக்கும் வித்தியாசம் மிகச் சிறியது. ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கார்டுகள் அந்தப் பாதையில் 16 லேனுக்குப் (தடத்துக்குப்) பதிலாக 8 லேன் மட்டுமே பயன்படுத்துகின்றன, அவற்றை ஜென் 3 மட்டுமே உள்ள பழைய போர்டில் போட்டால் சில கேம்களில் அடிபடும். புது போர்டு வாங்குபவருக்கு அந்தக் கவலை இல்லை.

இனி நான் பார்க்காமல் விட்டவை.

முதலாவது, பின்பக்க யுஎஸ்பி. எட்டு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன், எந்த எட்டு என்று பார்க்கவில்லை. நான்கு யுஎஸ்பி 2.0, அவையும் வைஃபை ஆன்டெனா பக்கத்தில் நெருக்கிக்கொண்டு. கீபோர்டு, மவுஸ், ஹெட்செட் டாங்கிள், கன்ட்ரோலர், மைக், வெப்கேம், வெளி ஹார்டு டிஸ்க் என்று மாட்டினால் வேகமான போர்ட் ஒன்று மிஞ்சினாலே அதிகம். இரண்டு வருடமாக ஒரு யுஎஸ்பி ஹப்பைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். கேபினட்டின் முன்பக்கம் டைப்-சி இருந்தால் போர்டிலும் அதற்கான இணைப்பு இருக்க வேண்டும், அது தனி வடிவம், சாதாரண யுஎஸ்பி 3 கேபிள் அதில் பொருந்தாது. இது மட்டும் என் போர்டில் தற்செயலாக இருந்தது.

இரண்டாவது, எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட்டுகள் எங்கே இருக்கின்றன என்பது. மூன்று இருக்கிறது என்றால் மூன்று, அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஒன்று பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நடுவில், அது வசதி. இரண்டாவது கிராபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே. அதில் ஒரு எஸ்எஸ்டி மாட்டக் கார்டைக் கழற்ற வேண்டும். கார்டைக் கழற்ற ஸ்லாட்டின் முனையில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளை அழுத்த வேண்டும். பெரிய கார்டும் பெரிய கூலரும் இருந்தால் அந்த இடுக்கில் விரலே நுழையாது. மரக்குச்சி ஒன்றை வைத்து அழுத்தி எடுத்தேன், கை நடுங்கியது. இப்போது பல போர்டுகளில் ஓரத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் கார்டு விடுபடும்படி வைக்கிறார்கள். அற்பமாகத் தெரியும், ஆனால் அடுத்த போர்டில் அது இல்லாமல் வாங்க மாட்டேன். மூன்றாவது எம்.2 இன்னொரு வகையில் சோதித்தது. அதில் எஸ்எஸ்டி மாட்டிய அன்றே பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போனது. டிஸ்க் போய்விட்டது என்று நினைத்து ஒரு மாலை முழுவதும் கேபிள் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் மேனுவலில் பொடி எழுத்தில் ஒரு வரி: அந்த ஸ்லாட் பயன்பாட்டில் இருந்தால் இரண்டு சாட்டா போர்ட்டுகள் (ஹார்டு டிஸ்க் மாட்டும் இணைப்புகள்) வேலை செய்யாது. அந்த மேனுவல் வாங்குவதற்கு முன்பே கம்பெனி தளத்தில் பிடிஎஃப் ஆகக் கிடைத்தது, பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

மூன்றாவது ரேம். இதில் போர்டின் மீது முழுப் பழியையும் போட முடியாது, இருந்தாலும் சொல்ல வேண்டும். நான்கு ஸ்லாட் இருக்கிறதே, இப்போது இரண்டு போட்டு அப்புறம் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்று திட்டமிட்டேன், டிடிஆர்4 காலத்துப் பழக்கம். ஒரு வருடம் கழித்து அதே மாடல், அதே வேகம் உள்ள இன்னொரு ஜோடியை வாங்கி மாட்டினால் 6000 வேகத்தில் பூட்டே ஆகவில்லை, கடைசியில் 3600இல்தான் நிலையாக ஓடியது. ரைசன் 7000க்கு நான்கு ரேம் போட்டால் ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகமே 3600தான் என்று பிறகுதான் படித்தேன். இரண்டு ஜோடியையும் விற்றுவிட்டு இரண்டு 32 ஜிபி ரேமாக வாங்கினேன். ஆரம்பத்திலேயே எவ்வளவு வேண்டுமோ அதை இரண்டு ரேமாக வாங்கிவிடுங்கள், பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் மாட்டுங்கள். அப்படிப் பார்த்தால் இரண்டே ரேம் ஸ்லாட் உள்ள, அளவில் சிறிய மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு ஒன்றும் குறைவில்லை.

முதல் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் மாட்டி ஆன் செய்தேன். ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு. ஒரு நிமிடம் பார்த்தேன், அணைத்தேன். ரேமைக் கழற்றி மாட்டினேன், மறுபடி இருட்டு, மறுபடி அணைத்தேன். மூன்றாவது தடவை வெறுத்துப்போய் அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன், திரும்பி வந்தால் பயாஸ் திரை எரிந்துகொண்டிருக்கிறது. டிடிஆர்5 ரேமை முதல் தடவை அளந்து பழக போர்டுக்குச் சில நிமிடங்கள் ஆகும், நான்தான் ஒவ்வொரு தடவையும் நடுவில் நிறுத்தியிருக்கிறேன். போர்டின் ஓரத்தில் சிபியு (பிராசஸர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் உண்டு, பிசி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அவை காட்டும். முதல் தடவை டிரேம் விளக்கு சில நிமிடம் எரிந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் அது ரேமைப் பழகும் வேலைதான், உடனே கை வைக்கக் கூடாது. இந்த விளக்குகள் இல்லாத போர்டை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகும் தினமும் பூட் ஆக 40 விநாடிக்கு மேல் எடுத்தது. பயாஸில் மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் என்று ஒன்று உண்டு, பழகியதை நினைவில் வைத்து அடுத்த தடவை மறுபடி அளக்காமல் போகும். முதல் சில பயாஸ் பதிப்புகளில் அதை இயக்கினால் எனக்கு நீலத்திரை வந்தது, பிறகு வந்த ஒரு பதிப்பில் சரியானது. இப்போது 15 விநாடி.

இங்கிருந்துதான் நான் ரொம்ப அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம் வருகிறது. நாம் வாங்குவது போர்டு மட்டும் என்று நினைக்கிறோம், அதோடு சேர்த்து அந்தக் கம்பெனி அடுத்த சில வருடம் விடப்போகும் பயாஸையும் வாங்குகிறோம். 2023 ஏப்ரலில் சில ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சாக்கெட்டோடு கருகிய செய்தி வந்தது. எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசஸரின் ஒரு பகுதிக்குப் போகும் மின்னழுத்தம்) 1.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று ஏஎம்டி கட்டுப்பாடு கொண்டுவந்தது, அது நம் கைக்கு வந்தது பயாஸ் அப்டேட் வழியாகத்தான். 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை பிராசஸர்களில் வோல்டேஜ் சிக்கல் வந்தபோதும் தீர்வு பயாஸ் வழியாக வந்த மைக்ரோகோட் எனும் பிராசஸர் திருத்தம்தான். வாங்கும் முன் அந்த மாடலின் சப்போர்ட் பக்கத்தைத் திறந்து, அதே கம்பெனியின் பழைய மாடலையும் திறந்து, கடைசி பயாஸ் எப்போது வந்தது, எத்தனை மாதத்துக்கு ஒன்று வந்தது என்று பாருங்கள். என் போர்டு இதில் குறை வைக்கவில்லை. பிசிக்கு நான் கொடுத்த பணத்தில் மனநிறைவு தந்த பகுதி இதுதான்.

ஒரு எச்சரிக்கை: அப்டேட் ஆனதும் எக்ஸ்போ அமைப்பு (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் அமைப்பு) பெரும்பாலும் அழிந்துவிடும். ஒரு தடவை அப்டேட்டுக்குப் பிறகு இரண்டு வாரம் கேம் திக்கித் திக்கி ஓடியது, டிரைவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், ரேம் 4800இல் ஓடிக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கண்டேன். இப்போது பயாஸ் திரையை மொபைலில் படம் எடுத்து வைத்துவிட்டுத்தான் அப்டேட் செய்கிறேன்.

பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் என்னைக் காப்பாற்றியது. பிராசஸர் மாற்றுவதற்கு முன் அப்டேட் செய்துகொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது, போர்டு உயிரற்றுக் கிடந்தது. ஃபேட்32 ஃபார்மட்டில் ஒரு பென்டிரைவ், பயாஸ் ஃபைலுக்கு மேனுவல் சொல்லும் பெயர், குறிப்பிட்ட யுஎஸ்பி போர்ட், பட்டனை அழுத்திப் பிடித்தால் விளக்கு மினுக்கத் தொடங்கும். சில நிமிடத்தில் போர்டு எழுந்துவிட்டது. பிராசஸர், ரேம் எதுவுமே இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும். புது பிராசஸரைப் பழைய ஸ்டாக் போர்டோடு வாங்குபவருக்கு இது கட்டாயம்.

பிராசஸர் மாற்றிய அன்று இன்னொரு திரை வந்தது. புது சிபியு போட்டிருக்கிறாய், எஃப்டிபிஎம்மை (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதியை) அழிக்கட்டுமா, ஒய் அல்லது என் அழுத்து என்றது. யோசிக்காமல் ஒய் அழுத்தினால், விண்டோஸ் 11இல் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயக்கத்தில் இருந்தால், ரிகவரி கீ கேட்கும். அந்தக் கீயை முன்பே எழுதி வைத்திருந்தேன், அதனால் பிழைத்தேன். சாக்கெட் மேல் வரும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியையும் தூக்கி எறியாதீர்கள், 1718 பின்களும் போர்டில்தான் இருக்கின்றன, வாரன்டிக்கு அனுப்பும்போது மூடி கேட்பார்கள்.

சத்தத்தில் மட்டும் சமரசம் செய்துகொண்டேன். முன்பக்க ஹெட்போன் ஜாக்கில் மவுஸ் நகரும்போது மெல்லிய இரைச்சல் வரும். பின்பக்கத்தில் இல்லை. ஹெட்போன் மாட்டும் சின்ன யுஎஸ்பி ஆடியோ கருவி (டிஏசி) ஒன்று வாங்கிய பிறகு போர்டின் ஆடியோவைத் தொடவே இல்லை.

போன மாதம் அக்கா மகன் முதல் பிசி கட்டினான். அவன் காட்டிய பட்டியலில் விளக்குகள் மின்னும் பெரிய போர்டு ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டு ஃப்ளாஷ்பேக், நான்கு விளக்கு, பின்னால் போதுமான வேகமான யுஎஸ்பி, கார்டு விடுவிக்கும் பட்டன் உள்ள ஒரு மைக்ரோ ஏடிஎக்ஸ் பி650 போர்டை இருவரும் மேனுவலைப் படித்தே தேர்ந்தெடுத்தோம். மிச்சப் பணம் ஒரு படி மேலான கார்டுக்குப் போனது. எல்லாம் மாட்டி ஆன் செய்ததும் திரை இருட்டு. "மாமா, வரலையே" என்று சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனான். கையைப் பிடித்துக்கொண்டேன். டிரேம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஐந்தாவது நிமிடத்தில் திரை வந்தது.