ஸ்விங் விகிதமா, கைவாசிப்பா?

கணினி டிரம்முக்கு மனிதக் கைநடை தர எளிய வழி, தாள இயந்திர வடிவமைப்பாளர் ரோஜர் லின் தன் இயந்திரங்களில் கொண்டுவந்த ஸ்விங் விகிதம்: அடுத்தடுத்த இரண்டு அடிகளில் முதலாவது எடுக்கும் நேரப் பங்கு. 50 சதவீதத்தில் அடிகள் சமம். 66-ஐ நெருங்கினால் திஸ்ர நடை, மூன்றாகப் பிரியும் நடை. அப்போது, நிமிடத்துக்கு 120 துடிப்பில், துடிப்பை நான்காகப் பிரித்தால் 125ஆவது மில்லிவிநாடியில் விழவேண்டிய அடி 165இல் விழும். நடனப் பாட்டுக்கு இது போதும். ஆனால் ஒவ்வோர் இரண்டாம் அடியும் ஒரே அளவு பிந்துவதைக் காது கண்டுபிடித்துவிடும்.

மற்றது, கலைஞர் ஒருவரின் வாசிப்பைப் பதிந்து, அதன் நேர விலகலையும் அடியின் பலத்தையும் டிரம்முக்கு மாற்றுவது. இலங்கையின் வன்னிக் கோயில்களில் உடுக்குக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் இதையே சொல்வேன். இடைக்கயிற்றை இறுக்கும்போது சுருதி ஏறும். விரல் ஒருமுறை முந்தும், மறுமுறை தயங்கும். அந்தத் தயக்கம் எந்தச் சதவீதத்திலும் அடங்காது. பதிவைத் துப்புரவாக்க நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். கிக்கை, அதாவது காலால் அடிக்கும் பெரிய டிரம்மை, மட்டும் விலகலின்றி நேர்க்கோட்டிலேயே விடுங்கள்.