புண் அளக்கும் ஆப்: குதிகால் என்றால் மட்டும் தகராறு

வீடு வீடாகப் போய் டிரெஸ்ஸிங் செய்யும் வேலைக்குப் புதிதாக வந்த தங்கை ஒருத்தி, "அக்கா, போன்ல புண்ணை அளக்குற ஆப் வாங்கலாமா?" என்று கேட்டாள். நெடுநாளாகப் பயன்படுத்துகிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

தட்டையான இடத்தில் ஆப் பிரமாதம். ஸ்கேல் வைத்து நீளத்தை அகலத்தால் பெருக்கினால் பரப்பு கூடுதலாகத்தான் வரும். 4 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் உள்ள முட்டை வடிவப் புண் 12 சதுர செ.மீ. அல்ல, ஏறக்குறைய 9.4தான். ஆப் ஓரத்தை ஒட்டி வரைந்து கணக்கிடுவதால் அந்தத் தொல்லை இல்லை. சர்க்கரை நோயாளியின் கால்புண் 4 வாரத்தில் பாதியாகச் சுருங்காவிட்டால் சிகிச்சையை மாற்ற யோசிப்பார்கள். அதனால் இந்தக் கணக்கு எங்களுக்கு முக்கியம்.

குதிகாலுக்கு வந்தால்தான் எரிச்சல். அளவு தெரிய பக்கத்தில் ஒட்டும் ஸ்டிக்கரும் புண்ணும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். வளைந்த குதிகாலில் ஸ்டிக்கர் ஒரு பக்கம் பார்க்கும், புண் இன்னொரு பக்கம் பார்க்கும். புண்ணின் தளம் கேமராவுக்கு 30 டிகிரி சாய்ந்தாலே பரப்பு சுமார் 13 சதவீதம் குறைந்து தெரியும். புண் ஆறவில்லை, எண் மட்டும் இறங்கியிருக்கிறது! வீட்டார் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். அடுத்த முறை நேராக எடுத்தால் எண் ஏறுகிறது. "என்னம்மா, பெருசாயிடுச்சா?" என்று அந்த வீட்டு அம்மா கேட்கும்போது என்ன பதில் சொல்வது? இந்த லட்சணத்தில் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வேறு காட்டுகிறது.

வளைவான இடத்தில் கவனம் தேவை என்று உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குக் குதிகாலிலும்தானே புண் வருகிறது?

அங்கே நான் கட்டம் போட்ட இரட்டை அடுக்கு டிரான்ஸ்பரன்ட் ஷீட்டைத்தான் எடுக்கிறேன். அது வளைவோடு வளையும். ஓரத்தை மார்க்கரால் வரைந்து, புண்ணில் பட்ட அடுக்கை எறிந்துவிட்டு, கட்டங்களை எண்ணினால் போதும். ஆழத்துக்கு எப்படியும் ஸ்டெரைல் பஞ்சுக் குச்சிதான், இந்த ஆப் அதைத் தருவதில்லை. அப்புறம், காய்ப்பையும் செத்த சதையையும் டாக்டர் எடுத்த பிறகே அளக்க வேண்டும். ஒரு நோயாளிக்கு எந்த முறையில் ஆரம்பித்தோமோ அதையே கடைசிவரை வைத்துக்கொள்ள வேண்டும், நடுவில் மாற்றினால் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது.

தட்டையான இடத்துப் புண்ணுக்கு இந்த ஆப்பைவிட வசதியானதை நான் பார்த்ததில்லை. ஆனாலும் சந்தாவைப் புதுப்பிக்கப் போவதில்லை. தங்கச்சி, நீ முதலில் அந்த ஷீட்டை வாங்கு.