இரண்டாவது பெயருக்கும் உரிமை உண்டு: திருச்சிப் பயணத்தில் ஒரு வங்கி வேலை

இந்த ஜனவரியில் மூன்று வாரம் திருச்சியில் இருந்தேன். பொங்கல் முடிந்ததும் முதல் வேலையாக வங்கிக்குப் போனேன். கணவரும் நானும் சேர்ந்து வைத்திருந்த என்ஆர்ஓ கணக்கை, அதாவது வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் இங்கே வரும் வருமானத்துக்காக வைத்திருக்கும் கணக்கை, மூட வேண்டியிருந்தது. வீட்டு வாடகை வந்து விழுவதற்காகத் திறந்த கணக்கு அது. 2022 தொடக்கத்தில் நாங்கள் பிரிந்தோம், வீட்டையும் விற்றோம். அந்த பிப்ரவரியோடு வாடகை நின்றது. கணக்கில் 9,600 ரூபாய் இருந்தது. அதன் பிறகு இருவருமே அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பாஸ்புக்கை மெஷினில் விட்டதும் அது நிற்காமல் அச்சடித்துக்கொண்டே போனது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மினிமம் பேலன்ஸ் அபராதம் 500, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 90. பதினைந்து தடவை, 8,850 ரூபாய். மீதி ஆயிரத்துக்கும் கீழே.

பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஒரு தடவைகூட எனக்குத் தகவல் வரவில்லை என்பதுதான் உறுத்தியது. கவுன்டரில் கேட்டேன். "மெசேஜ் எல்லாம் முதல் பெயர் சாருக்குத்தான் போகும் மேடம். அவரை வரச் சொல்லுங்க" என்றார் அந்தத் தம்பி. நானும் கணக்குதாரர்தான் என்று சொல்லி, உதவி மேலாளர் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். கையெழுத்து சரிபார்க்க அவர் பழைய அட்டையை எடுத்தார். அதில் எங்கள் இருவரின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்களும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருந்தன. ஒரு மூலை பெயர்ந்திருந்தது. அவர் அதைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு, எதுவும் கேட்காமல் படிவத்தை நீட்டினார். அந்த நாகரிகத்தை மறக்க மாட்டேன்.

அன்று இரவு உட்கார்ந்து ரிசர்வ் வங்கி விதிகளைப் படித்தேன். என் கணக்குக்கு மூன்று விஷயங்கள் பொருந்தின. 2015 ஏப்ரல் முதல், மினிமம் பேலன்ஸ் குறைந்தால் வங்கி முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும், சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அபராதமும் குறைந்த தொகைக்கு ஏற்றபடிதான் இருக்க வேண்டும். எங்கள் கணக்கில் முதலில் குறைந்தது வெறும் 400 ரூபாய், அதற்குப் போட்ட அபராதமோ 500. மூன்றாவதுதான் முக்கியம். இரண்டு வருடத்துக்கு மேல் நாமாகப் பணம் போடாமலும் எடுக்காமலும் இருந்தால் அது செயல்படாத கணக்கு. 2024 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அப்படிப்பட்ட கணக்கில் இந்த அபராதமே போடக்கூடாது. வங்கி தானாகப் போடும் வட்டி, பிடிக்கும் கட்டணம் எதுவும் நம் பரிவர்த்தனையாகக் கணக்கில் வராது.

மறுநாள் இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டேன். இந்த சீலை விட்டுவிடாதீர்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக அதுதான் ஆதாரம். தனித்தனியாக இருந்த குறைதீர்ப்புத் திட்டங்களை 2021-இல் ஒன்றாக்கினார்கள். புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. ஆன்லைனில் எந்த நாட்டில் இருந்தும் போடலாம்.

கூடவே இன்னொரு கடிதமும் கொடுத்தேன். எங்கள் கணக்கு 'யாராவது ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' வகை. திரும்பி வரும் பணமும் அதே கூட்டுக் கணக்கில்தான் விழும், அதை யார் வேண்டுமானாலும் தனியாக எடுக்கலாம். அவர் அப்படிச் செய்பவர் இல்லை. இருந்தாலும் பிரிவுக்குப் பிறகு நம்பிக்கையையும் நடைமுறையையும் தனித்தனியாக வைப்பதுதான் இருவருக்கும் மரியாதை என்று நினைக்கிறேன். இனி இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் பணம் எடுக்கலாம் என்று எழுதினேன். அதற்கு என் ஒரு கையெழுத்தே போதுமாக இருந்தது. பழைய முறைக்கு மாற்றவோ கணக்கை மூடவோதான் இருவரும் வேண்டும் என்றார்கள். நான்கு வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. வீடு, நகை, பிள்ளையின் படிப்பு என்று எல்லாவற்றையும் பேசி முடித்த நாங்கள் இந்தச் சின்னக் கணக்கை மறந்துவிட்டோம்.

பன்னிரண்டாவது நாள் பதில் வந்தது. 2024 ஏப்ரலுக்குப் பிந்தைய ஏழு தடவைக்கு, ஜிஎஸ்டியையும் சேர்த்து 4,130 ரூபாய் வரவு வைத்தார்கள். அதற்கு முந்தைய எட்டுத் தடவைக்கு, முதல் பெயரின் கைபேசிக்குத் தகவல் அனுப்பியதாகச் சொல்லி மறுத்துவிட்டார்கள். 400 குறைந்ததற்கு 500 எப்படி என்ற கேள்விக்குப் பதிலே இல்லை.

அன்று மாலை அவருக்கு போன் செய்தேன். பல மாதம் கழித்துப் பேசினோம். அந்த எண்ணை எப்போதோ விட்டுவிட்டதாகச் சொன்னார். "நீ புகார் போடு, என் பக்கம் என்ன வேணுமோ அனுப்பறேன்" என்றார்.

மெல்பர்ன் திரும்பியதும், பாக்கி 4,720 ரூபாய்க்குக் குறைதீர்ப்பாளரிடம் புகார் பதிந்தேன். அவர் கையெழுத்திட்ட மூடல் படிவம் கூரியரில் வந்து என் மேசையில் இருக்கிறது. அந்தப் பணமும் வந்த பிறகு என் கையெழுத்தையும் போட்டு அனுப்புவேன். வருவதில் ஆளுக்குப் பாதி.