உண்ணிச்செடிச் சரிவில் ரிமோட் டிராக் மெஷின்: தாண்டிக்குடி அனுபவம்

ரிமோட்டில் ஓட்டும் எங்கள் புதர் வெட்டும் மெஷினைப் பழனி மலையில் எங்கள் தாண்டிக்குடிப் பக்கக் காபித் தோட்டக்காரர்கள் பார்த்ததும் கேட்பது, "இது உண்ணிச்செடியை (லாண்டானா) ஒழிச்சிருமா?" என்பதுதான். ஒழிக்காது. வெட்டும், அதுவும் பிரமாதமாக வெட்டும். ஒழிப்பது அதன் பின்னால் மண்வெட்டியோடு போகும் ஆட்கள். சில மழைக்காலம் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

எங்களுடையது பெட்ரோல் இன்ஜினில் பிளேடு சுற்றி, மின்மோட்டாரில் ரப்பர் டிராக் (சக்கரத்துக்குப் பதிலான பட்டை) ஓடும் வகை. சரிவில் ரிமோட்டை விட்டாலும் அப்படியே நிற்கும். டிராக் மோட்டாரோடு சேர்ந்த வார்ம் கியர் பின்னால் உருளவிடாது. இதற்காகவே இந்த வகையைச் சிபாரிசு செய்வேன். பிரஷ் கட்டரை, அதாவது கையில் பிடித்துப் புதர் வெட்டும் மெஷினை, தோளில் மாட்டிக்கொண்டு ஈரச் சரிவில் நிற்பவருக்குக் கால் வழுக்கினால் என்ன ஆகும் என்று மலையில் வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். இப்போது ஓட்டுகிறவர் தள்ளி, மேட்டில் நிற்கிறார். கல் தெறிக்கும் என்பதால் மற்றவர்கள் இன்னும் தள்ளி நிற்க வேண்டும். மெஷினை இறக்கும் முன் புதரைச் சுற்றி வந்து சத்தம் கொடுப்போம். உள்ளே காட்டுமாடு படுத்திருக்கும்.

45 டிகிரி ஏறும் என்று விற்பார்கள். ஏறும்தான். ஆனால் டிராக் பிடிப்பது வேறு, இன்ஜினுக்கு ஆயில் போவது வேறு. அடியில் கிடக்கும் ஆயிலை அள்ளித் தெளிக்கும் சாதாரண இன்ஜின், நெடுநேரம் சாய்ந்தே ஓடினால் வறண்டுபோகும். இன்ஜின் எத்தனை டிகிரி தாங்கும் என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

அதிகம் படுத்துவது டிராக் கழல்வது. குறுக்குச் சரிவில் நின்ற இடத்திலேயே திருப்பினால், உருளைக்கும் டிராக்குக்கும் நடுவே கல் ஏறி, ஒரு பக்கம் அப்படியே வெளியே வந்துவிடும். அகலமாக வளைத்துத் திருப்ப வேண்டும். தினம் காலையில் டிராக்கின் இறுக்கத்தைப் பார்க்க வேண்டும். மாசி, பங்குனியில் காய்ந்த இலைத்தூள் இன்ஜினைக் குளிர்விக்கும் ஃபின் தகடுகளுக்குள் அடைந்து சூடேறும், ஏர் ஃபில்டரையும் அடிக்கடி தட்ட வேண்டும். பெல்ட்டும் பிளேடும் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். விற்றவரிடம் கேட்டுவிட்டுக் காத்திருந்தால் சீசன் போய்விடும்.

இனி முக்கியமான விஷயம். பிளேடு மண்ணுக்கு மேலேதான் வெட்டுகிறது. ஐப்பசி மழை விழுந்ததும் தூரின் கழுத்திலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும், முன்பைவிட அடர்த்தியாக. தில்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர்.பாபு குழுவினர் சொன்ன முறைதான் எங்களுக்குக் கைகொடுத்தது: மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டரில் ஆணிவேரை வெட்டி, தூரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது. மெஷின் போன இடத்தில் இது எளிது. வேர் வெட்டும் அக்கா ஒருவர் சொன்னார்: "முன்னாடி முள்ளுக்குள்ள நுழையவே பாதி நாள் போயிரும்ணே. இப்ப தூரு கண்ணுக்குத் தெரியுது."

மரத்தடிகளை மட்டும் மறுபடி மறுபடி பாருங்கள். பறவைகள் உட்காரும் இடமெல்லாம் விதை விழுந்து புதுக்கன்று முளைக்கும். அதைக் கையால் பிடுங்கினாலே போதும்.

காபி வரிசைக்குள் இதை விடவே கூடாது. காபியின் ஊட்டு வேர்கள் மேல்மண்ணிலேயே ஓடுகின்றன, இந்த எடை ஏறினால் மண் இறுகும். கைவிட்ட சரிவு, வேலியோரம், பாதையோரம், அவ்வளவுதான் இதன் இடம். சிறு தோட்டக்காரர்கள் தனியாக வாங்க வேண்டாம். அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி, வேர் வெட்டும் கூலியையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.